1971 எம்ஜிபி ரோட்ஸ்டர்: புதிய வயரிங் போட்ட பிறகு வயர் கருகியது, ஃபியூஸ் போகவில்லை

கேள்வி: நீலரோட்ஸ்டர், கவென்ட்ரி

வணக்கம். என்னிடம் இருப்பது 1971-இல் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த கூரையுள்ள பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நான் வாங்கியபோதே அதன் வயரிங் பலர் கைபட்டு நைந்து போயிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால், எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று தெரியாத சிவப்பு வயர்கள் ஐந்தாறு விரலில் சிக்கும். சென்ற குளிர்காலத்தில் கிளட்ச் மாற்றுவதற்காக என்ஜினை இறக்க நேர்ந்தது. அப்போதே வயரிங்கையும் முழுவதுமாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, மூன்று மாதங்கள் வார இறுதிகளில் உட்கார்ந்து வேலையை முடித்தேன்.

வாங்கிப் போட்ட பொருள்கள் இவை: பழைய நிறங்களிலேயே செய்யப்பட்ட புதிய ஹார்னஸ் (வண்டியின் வயர்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு), கண்ணாடி ஃபியூஸ் பெட்டிக்குப் பதிலாகப் பத்து இடமுள்ள பிளேடு ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட்டுக்கான ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) தொகுப்பு, தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் பழைய பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன். இவற்றோடு பெரும்பாலான சிறு விளக்குகளையும், டேஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் உட்பட, எல்இடியாக மாற்றினேன்.

என்ஜின் முதல் முறையிலேயே உயிர் பெற்றது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தொல்லைகள் தெரிய ஆரம்பித்தன. இண்டிகேட்டர் போட்டால் விளக்கு விட்டு விட்டு எரியாமல் நிலையாகவே எரிகிறது. என்ஜின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் அசையவே இல்லை. புதிய ஹார்னஸில் அதற்கு வெள்ளையில் கருப்புக் கோடு போட்ட வயர் ஒன்றுதான் வருகிறது. மீட்டரின் பின்னாலோ இரண்டு புல்லட் முனைகள் (தோட்டா வடிவச் செருகு இணைப்புகள்) இருக்கின்றன. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று எச்சரிக்கும் சார்ஜ் விளக்கு, வண்டியை எடுத்து ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்த பிறகுதான் அணைகிறது. ரிலே போட்டும் ஹெட்லைட் மங்கலாகவே இருக்கிறது. செல்ஃப் எடுக்கும்போது மோட்டார் சோர்ந்து சுற்றுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்று நான்கு முறை தொடர்ந்து முயன்றுவிட்டுச் சோக் குமிழைத் தொட்டபோது அது சூடாக இருந்தது.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கச் செய்தது நேற்று நடந்தது. ஹாரனுக்குப் போகும் ஊதா வயர் ரேடியேட்டர் அருகில் ஒரு தகட்டின் விளிம்பில் உராய்ந்து, அரை அடி நீளத்துக்கு மேலுறை உருகிவிட்டது. புகை வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஆனால் ஃபியூஸ் போகவே இல்லை. வண்டியின் கையேட்டில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. நானும் 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸைத்தான் போட்டிருந்தேன். புதிய ஹார்னஸே தரமற்றதா, அல்லது நான் இணைத்ததில் தவறா? எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா?

முதல் பதில்: பச்சைவயர், பர்மிங்காம்

தம்பி, பேட்டரியைக் கழற்றியே வையுங்கள். இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் தொடராக இருப்பதால் ஏதோ ஒன்றின் முனையைக் கழற்றினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். உடலோடு சேரும் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் அந்த முனையில் தீப்பொறி வராது.

உங்கள் ஹார்னஸ் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபியூஸ் போகாததற்குக் காரணம் அந்த 35 என்ற எண்தான். அக்காலத்துப் பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் எழுதப்பட்ட எண், ஃபியூஸ் உருகிப்போகும் அளவைக் குறிப்பது. 35 என்று எழுதிய லூக்காஸ் (இந்த வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்த பிரிட்டிஷ் நிறுவனம்) ஃபியூஸ் இடைவிடாமல் தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதும் எண்ணோ அது தாங்கிக்கொண்டே இருக்கக்கூடிய அளவு. ஆகவே கையேட்டின் சொல்லை அப்படியே நம்பி 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸைப் போட்டபோது, உண்மையில் இரண்டு மடங்கு பெரிய ஃபியூஸைப் போட்டிருக்கிறீர்கள். ஹார்னஸில் இரண்டு சதுர மில்லிமீட்டர் வயர், அதாவது 0.30 மில்லிமீட்டர் இழை 28 கொண்டது, 17.5 ஆம்பியர் தாங்கும். கிளை வயர்களில் பெரும்பாலானவை 14 இழை கொண்டவை. அவற்றின் அளவு 8.75 ஆம்பியர்தான். தகட்டில் உராய்ந்த வயர் முழு ஷார்ட் ஆகாமல் அரைகுறையாகத் தொட்டு 25, 30 ஆம்பியர் இழுத்திருக்கும். அந்த அளவில் உங்கள் ஃபியூஸுக்கு ஒரு வேலையும் இல்லை. வயர்தான் ஃபியூஸாக மாறியிருக்கிறது. ஊதாச் சுற்றுக்கும் பச்சைச் சுற்றுக்கும் 15 ஆம்பியர் போடுங்கள். பார்க்கிங் விளக்குகளுக்கு 5 ஆம்பியரே போதும்.

இதே தவறு கண்ணாடி ஃபியூஸிலும் நடக்கிறது. அமெரிக்க முறையில் எண் இட்ட கண்ணாடி ஃபியூஸ்கள் பழைய பிடிப்பானில் சரியாகப் பொருந்திவிடும். அவற்றில் 35 என்றால் 35 தாங்கும் என்றே பொருள். எத்தனையோ வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே காகிதத் துண்டில் 17 தாங்கும், 35-இல் உருகும் என்று இரண்டும் அச்சிட்டிருந்தால்தான் பழைய வகை.

அடுத்தது சோக் குமிழின் சூடு. அதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன; அவற்றை உடலோடு மின்சார ரீதியாக இணைப்பது அடியில் இருக்கும் எர்த் பட்டை ஒன்றுதான். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தப் பட்டை வழியாகத் திரும்ப வேண்டும். பட்டை இல்லாவிட்டால், அல்லது பெயிண்ட்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தால், மின்சாரம் சோக் கேபிளையும் ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் வழியாக எடுத்துக்கொள்ளும். கேபிள் உறை உருகி, உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டர் திறந்த நிலையிலேயே நின்றுபோன வண்டியும் உண்டு. நீங்கள் கிளட்சுக்காக என்ஜினை இறக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டையைத் திரும்ப மாட்டினீர்களா, மாட்டிய இடத்தில் உலோகம் தெரிந்ததா என்று முதலில் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பிளேடு பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய நான்கு ஃபியூஸ் பெட்டியையே மாட்டுவது நல்லது என்பது என் கருத்து. நாளை வேறொருவர் கைக்கு வண்டி போனாலும் அவருக்குக் கையேட்டில் உள்ள படமே வழிகாட்டும்.

இரண்டாம் பதில்: வெள்ளைக்கோடு, லெஸ்டர்

டாக்கோமீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே சிக்கலோடு நான் ஒரு கோடைக்காலம் முழுவதும் போராடியிருக்கிறேன். எம்ஜிபியில் இரண்டு வகை டாக்கோமீட்டர்கள் வந்தன. முதல் வகை, தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை உணர்ந்து எண்ணுகிறது. இக்னிஷன் ஸ்விட்ச்சிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். பின்னால் உள்ள இரண்டு புல்லட் முனைகள் அதற்காகவே. பிற்காலத்து வகை காயிலின் நெகட்டிவ் முனையில் எழும் மின்னழுத்தத் துடிப்பை எண்ணுகிறது; அதற்கு வெள்ளை/கருப்பு வயர் ஒன்று போதும். உங்கள் மீட்டர் முதல் வகை, உங்களுக்கு வந்த ஹார்னஸ் இரண்டாம் வகைக்கானது. ஹார்னஸ் வாங்கும்போது ஆண்டைச் சொன்னால் போதாது, வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மாற்றங்கள் ஆண்டின் நடுவிலும் நடந்தன.

மீட்டரை மாற்ற வேண்டியதில்லை. வெள்ளை/கருப்பு வயரை அங்கிருந்து எடுத்து முனையை மூடிவிடுங்கள். அது காயிலின் நெகட்டிவ் முனையோடு சேர்ந்த வயர். எங்காவது உடலில் பட்டால் என்ஜின் நின்றுவிடும். காயிலின் பாசிட்டிவ் முனைக்கு இப்போது நேராக வரும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சிலிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து காயில் என்று புதிய வெள்ளை வயரை ஓட்டுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனின் சிவப்பு வயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையிலேயே விடலாம்.

அப்படியே இன்னொன்றையும் சரிபாருங்கள். ரப்பர் பம்பர் வந்த பிறகான எம்ஜிபி கார்களில் பல்லாஸ்ட் முறை இக்னிஷன், அதாவது காயிலுக்கு முன்னால் ஒரு மின்தடை வைத்த முறை, இருந்தது. அவற்றின் ஹார்னஸுக்குள்ளேயே இளஞ்சிவப்பும் வெள்ளையுமான மின்தடை வயர் ஒளிந்திருக்கும். அதற்கேற்ற காயிலின் மின்தடை சுமார் ஒன்றரை ஓம். உங்கள் 1971 வண்டிக்குரியது மூன்று ஓம் அளவிலான பன்னிரண்டு வோல்ட் காயில். ஹார்னஸ் ஒரு தலைமுறை தள்ளி வந்திருப்பதால், அந்த மின்தடை வயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இருந்தால் தீப்பொறி பலவீனமாக இருக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் போதிய வோல்ட் கிடைக்காது.

நீலரோட்ஸ்டர்

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை வேலை முடிந்ததும் காருக்கு அடியில் படுத்துவிட்டேன். எர்த் பட்டை இருந்தது. ஆனால் என்ஜின் வெளியே இருந்தபோது, சுற்றியுள்ள பாகங்களைப் பளபளப்பாகப் பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்திருந்தேன். போல்ட்டின் அடியில் அந்தக் கருப்புப் பூச்சு கண்ணாடி போல முழுதாக இருந்தது. பட்டையின் பித்தளை வளையம் அதன் மேல் ஒரு கீறல்கூட விடவில்லை. அளந்தபோது செல்ஃப் எடுக்கையில் 3.8 வோல்ட் காட்டியது. பூச்சைச் சுரண்டி, உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கிய பிறகு 0.2 வோல்ட். என்ஜின் இப்போது துள்ளிச் சுற்றுகிறது, சோக் கேபிள் குளிர்ந்திருக்கிறது. அதன் உறை ஓரிடத்தில் இறுகியிருப்பதால் கேபிளை மாற்றிவிடப் போகிறேன்.

காயிலை அளந்தேன், 3.1 ஓம். ஹார்னஸில் மின்தடை வயர் இல்லை. டாக்கோமீட்டருக்குச் சொன்னபடியே புதிய வயர் ஓட்டினேன். முள் எழுந்ததைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஃபியூஸ்களை மாற்றிவிட்டேன். ஹெட்லைட் மட்டும் இன்னும் மங்கல். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், விளக்கின் இணைப்பில் 11.7. ரிலேயின் 30 என்ற முனைக்கான மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்த பச்சை வயரிலிருந்து எடுத்திருந்தேன். இண்டிகேட்டரும் சார்ஜ் விளக்கும் முன்போலவே இருக்கின்றன.

மூன்றாம் பதில்: படிமுதல், லண்டன்

ரிலே எதற்காகப் போடுகிறோம் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலை வயரிங்கில் இரண்டு ஹெட்லைட்டுகளின் முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு ஸ்விட்ச், அதிலிருந்து ஸ்டியரிங்கில் உள்ள, ஹெட்லைட்டைத் தாழ்த்தி உயர்த்தும் டிப் ஸ்விட்ச், பிறகு நான்கைந்து புல்லட் இணைப்புகள் என்று ஊர் சுற்றிவிட்டு விளக்குக்கு வருகிறது. 60/55 வாட் ஹாலஜன் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 ஆம்பியர். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் வோல்ட் உதிர்ந்துவிடும். ஹாலஜன் விளக்கில் வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைகிறது. இந்தச் சுற்றுப் பாதையைத் தவிர்த்து, பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு வழிவிடுவதற்குத்தான் ரிலே. பச்சை வயரிலிருந்து எடுத்தால், இக்னிஷன் ஸ்விட்ச் வழியாகவும் ஃபியூஸ் வழியாகவும் வந்து ஏற்கனவே பிரேக் விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் சுமக்கும் வயரின் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றியது போலாகும். செல்ஃப் மோட்டாரின் சொலனாய்டில் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த முனையிலிருந்து மூன்று சதுர மில்லிமீட்டர் பழுப்பு வயரை எடுங்கள். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வையுங்கள். ஹெட்லைட்டுக்குரிய பழைய நீலம்/வெள்ளை, நீலம்/சிவப்பு வயர்கள் ரிலேக்களின் 86-ஆம் முனைக்குக் கட்டளை கொடுத்தால் போதும். அதோடு ஹெட்லைட் குடத்துக்குள் வரும் கருப்பு வயரின் எர்த்தையும் புதுப்பியுங்கள். போகும் பாதையைப் போலவே திரும்பும் பாதையிலும் வோல்ட் இழக்கலாம்.

சார்ஜ் விளக்கில் எல்இடி போட்டதுதான் தவறு. உங்கள் வண்டியில் உள்ள 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் மின்னாக்கி), தொடக்கத்தில் தன் சுருளுக்கு வேண்டிய காந்தத்தை அந்தச் சிறிய 2.2 வாட் பல்பின் வழியாக வரும் மின்னோட்டத்திலிருந்துதான் பெறுகிறது. எல்இடி மிகக் குறைவான மின்னோட்டத்தையே விடுவதால், வேகம் கூடி எஞ்சிய காந்தத்தால் தானே விழித்துக்கொள்ளும்வரை ஆல்டர்னேட்டர் தூங்குகிறது. அந்த ஒரு விளக்குக்குப் பழைய பல்பையே போட்டுவிடுங்கள். பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் பொறுத்திருங்கள். 16ஏசிஆர் தரும் 34 ஆம்பியர் இந்த வண்டிக்குப் போதும். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் பழுப்பு வயரையும் தடிமனாக்க வேண்டும். இறங்கிப்போன பேட்டரிக்கு முழு வேகத்தில் சார்ஜ் ஏறும்போது பழைய வயர் சூடேறும்.

இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர், உள்ளே ஒரு தகடு மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து தொடர்பை விட்டு விட்டுத் தருவது. இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்கும் மூன்றரை ஆம்பியர் இருந்தால்தான் அது சூடேறும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்குங்கள். அதற்கு எர்த்துக்கு மூன்றாவது வயர் ஒன்று வேண்டும். பின்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். சிவப்புக்குச் சிவப்பு எல்இடி, ஆம்பருக்கு ஆம்பர். வெள்ளையைப் போட்டால் பிரேக் விளக்கு வெளிறித் தெரியும். பின்னால் வருபவருக்கு அது ஆபத்து.

ஃபியூஸ் பெட்டி விஷயத்தில் பச்சைவயர் ஐயாவிடமிருந்து மாறுபடுகிறேன். பழைய பெட்டியின் பிடிப்பான்களில் பச்சை பூத்து, ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் போகாமல் நின்ற வண்டிகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிளேடு பெட்டி இருக்கட்டும். கூடுதல் இடங்களைப் பயன்படுத்தி, தொழிற்சாலை ஃபியூஸே வைக்காத சுற்றுகளுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள். பெட்ரோல் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பின்சக்கரம் வரை போகும் அதன் வெள்ளை வயர் ஃபியூஸ் இல்லாமலே ஓடுகிறது. அது பெட்ரோல் டேங்கின் பக்கம் போகும் வயர் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் நிறங்களை மட்டும் மாற்றாதீர்கள்: பழுப்பு என்றால் எப்போதும் உயிருள்ளது, வெள்ளை என்றால் சாவிக்குப் பின், பச்சை என்றால் சாவிக்கும் ஃபியூஸுக்கும் பின், ஊதா என்றால் சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக. நான் தொழில் கற்றது சென்னையில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளில். 1961-இல் பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் தொடங்கிய காலத்திலிருந்தே அங்குள்ள ஆட்டோ எலக்ட்ரிஷியன்களுக்கு இந்த நிறங்கள் மனப்பாடம். இங்கே வந்து முதன்முதலாக ஒரு எம்ஜிபியின் போனட்டைத் திறந்தபோது, ஒரு படமும் பார்க்காமல் எனக்கு வழி தெரிந்தது. லூக்காஸ் பொருள்களைக் கேலி செய்யும் பேச்சு இந்த நாட்டில் அதிகம். என் அனுபவத்தில் குறை பெரும்பாலும் எர்த்திலும் துருவேறிய புல்லட் இணைப்பிலும்தான் இருந்திருக்கிறது.

பச்சைவயர்

பெட்ரோல் பம்புக்கு ஃபியூஸ் வைப்பது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். பெட்டி பற்றி நாம் இருவரும் வாதாடத் தேவையில்லை. இணைப்பு சுத்தமாக இருந்தால் இரண்டும் நல்லவையே. தம்பி, அந்தக் கூடுதல் இடங்களுக்கு எது எது போகிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை பேட்டரியை நேராக இணைக்காதீர்கள். எர்த் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். சாவி, கதவு விளக்கு எல்லாம் அணைந்திருக்கும்போது அந்தப் பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஆனாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் அது விடாது என்பதால் எந்த வயரும் கருகாது. பல்பு எரியாவிட்டால் கேபிளை இணையுங்கள். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போகலாம். கருகிய ஊதா வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். உருகிய பகுதிக்கு இருபுறமும் நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, அதே நிறத்தில், அதே தடிமனில் புதிய துண்டு போடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும்.

நீலரோட்ஸ்டர்

எல்லாம் செய்து முடித்துவிட்டு எழுதுகிறேன். கருகிய இடத்தைத் திறந்து பார்த்ததில், ஹார்னஸ் ரேடியேட்டர் தடுப்பைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையமே இல்லை. பழையது பழைய ஹார்னஸோடு போயிருக்கிறது. புதிதாக வாங்க நான் மறந்திருக்கிறேன். வெட்டிய துண்டைக் கையில் எடுத்தபோது செம்பு இழைகள் கருநீலமாக மாறி, வளைத்தால் ஒடியும் அளவுக்கு முறுகியிருந்தன. அதைத் தூக்கி எறியாமல் பணிமேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

பல்பைத் தொடராகப் போட்டபோது அது மங்கலாக எரிந்தது. பதறிவிட்டேன். ஒரு மணி நேரம் தேடிய பிறகு, டிக்கி திறந்திருந்ததால் உள்ளே இருந்த சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. டிக்கியை மூடியதும் அணைந்துவிட்டது.

ரிலேக்களுக்குச் சொலனாய்டிலிருந்தே பழுப்பு வயர் எடுத்து ஃபியூஸ் வைத்தேன். விளக்கின் இணைப்பில் இப்போது 13.5 வோல்ட். சார்ஜ் விளக்குக்குப் பழைய பல்பு போட்டதும், சாவி திருப்பி என்ஜின் ஓடத் தொடங்கிய கணத்திலேயே அணைகிறது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வெள்ளிக்கிழமை தபாலில் வருகிறது. அதுவரை முன்னும் பின்னும் 21 வாட் பல்புகளைத் திரும்பப் போட்டிருக்கிறேன், பழைய ஃபிளாஷரே ஒழுங்காக அடிக்கிறது. நேற்றிரவு கெனில்வொர்த் வரை போய் வந்தேன். வேலி ஓரத்தில் நின்ற முயலின் காதுகள்கூட வெளிச்சத்தில் தெரிந்தன.